பனிநாட்டுக் காடி

பெரியப்பாவின் வோல்வோ 240-இல் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு மூடி இருந்தது. மற்ற சுவிட்சுகளின் அதே அளவு, அதே சதுரம். ஆனால் அழுத்தினால் அசையாது. சின்ன வயதில் அந்தக் காடியில் ஏறியதும் நான் முதலில் அழுத்திப் பார்ப்பது அதைத்தான். "அது சீட்டைச் சூடு பண்ற சுவிட்சு வர்ற எடம், தம்பி. பனி பேயுற ஊர்ல வேணும். நமக்கு எதுக்குன்னு வெறும் மூடியப் போட்டு அடச்சிட்டான்" என்பார் பெரியப்பா. பிரிக்பீல்ட்ஸில் மதியம் இரண்டு மணிக்கு நிறுத்தி வைத்த காடியின் இருக்கை ஏற்கெனவே தொடையைப் பொசுக்கிக்கொண்டிருக்கும். இதையும் சூடு பண்ண ஒரு ஊர் இருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அந்தக் காடி பெரியப்பா வாங்கியது அல்ல. இருபது வருடத்துக்கு மேல் அவர் ஒரு முதலாளிக்கு ஓட்டியது. முதலாளி ஓய்வு பெற்றபோது, "நீயே வச்சிக்கோ" என்று குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். சொகுசுக் காடியில் வாழ்நாள் முழுக்க முன்னிருக்கையில் உட்கார்ந்தவர், அதன் பிறகும் முன்னிருக்கையில்தான் உட்கார்ந்தார். பின்னிருக்கையில் பெரியம்மா. அதைப் பார்த்து அப்பா கிண்டல் செய்வார்: "அண்ணிக்கு நல்ல சைஸ் கெடச்சிருக்கான்."

'சைஸ்' என்ற அந்தச் சொல்லுக்கு ஒரு கதை உண்டு. அரபி மூலம், இந்துஸ்தானி வழியாக ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டது. பொருள், குதிரைக்காரன். மலாயாவில் குதிரை வண்டிகள் போய் மோட்டார் வண்டிகள் வந்த பிறகும் துரைகள் சொல்லை மாற்றவில்லை. குதிரைக்குத் தண்ணீர் காட்டியவனையும், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியவனையும் ஒரே பெயரில் கூப்பிட்டார்கள். 'சைஸ் தேவை' என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். வண்டியின் தொழில்நுட்பம் மாறியது. ஓட்டுகிறவன் யார் என்ற எண்ணம் மட்டும் லாயத்திலேயே நின்றுவிட்டது.

பல்கலைக்கழகத்தில் நான் இயந்திரப் பொறியியல் படித்ததற்கு இந்த 240-உம் ஒரு காரணம். ஆகவே இது எப்படி நம் ஊருக்கு வந்தது என்று தேடிப் பார்க்கும் ஆசை எனக்கு ரொம்ப நாளாகவே இருந்தது.

சுதந்திரத்துக்கு முன்பு இந்த வட்டாரத்தில் கார் பொருத்துவது என்றால் சிங்கப்பூர்தான். ஃபோர்டு நிறுவனம் 1926-லேயே அங்கே தொடங்கிவிட்டது. 1941-இல் புக்கிட் தீமாவில் புதிய ஆலையைத் திறந்தது. சில மாதங்களில் ஜப்பானியர் வந்தார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று பெர்சிவல் சரணடைந்தது அந்த ஆலையின் அறையில்தான். பிரிட்டிஷ் ஆட்சியின் முதுகு ஒரு கார் ஆலையில் முறிந்தது என்று யாராவது நாவல் எழுதலாம்.

1965-இல் சிங்கப்பூர் பிரிந்ததும் மலேசியா தனக்கென ஆலைகளைத் தேடியது. முழுதாக இறக்குமதியாகும் காருக்கு வரி அதிகம், பிரித்து வரும் காருக்குக் குறைவு என்ற கொள்கை வந்தது. 1967-இல் ஆறு ஆலைகளுக்கு அனுமதி கிடைத்தது. அவற்றில் ஒன்று ஸ்வீடிஷ் மோட்டார் அசெம்ப்ளிஸ். இடம், ஷா ஆலம் பத்து தீகா. நாட்டின் முதல் நவீனக் கார் ஆலைகளில் ஒன்று அது.

இன்றைய ஷா ஆலமை மட்டும் அறிந்தவர்களுக்கு ஒரு தகவல்: அதன் பழைய பெயர் சுங்கை ரெங்கம். ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்டம். கோலாலம்பூருக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் இருந்ததால் 1963-இல் புதிய நகரத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1974-இல் கோலாலம்பூரைக் கூட்டரசுக்குக் கொடுத்த சிலாங்கூருக்கு 1978-இல் அது தலைநகரம் ஆனது. என் தாத்தா அங்கேதான் மரம் சீவினார். விடியற்காலை பெரட்டு, தலையில் விளக்கு, மதியம் பால் எடை. அந்த லயம் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று பெரியப்பாவால் சரியாகக் காட்ட முடியவில்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் கையை நீட்டி ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தைக் காட்டுவார்.

அந்த வருடங்களை ஒரு துறைமுகத்தில் நின்று யோசித்துப் பார்க்கிறேன். கிள்ளான் துறைமுகத்துக்கு அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர், 1972-இல்தான் மாறியது. ஐரோப்பாவிலிருந்து பெட்டி பெட்டியாக இரும்புத் தகடுகளும் இயந்திரங்களும் அங்கே இறங்கின. அதே துறைமுகத்தில் சென்னைக்குப் போகும் ரஜூலா கப்பலும் நின்றது. 1969 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு ஐசி வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மூட்டை கட்டினார்கள். ரஜூலா 1973-இல் ஓட்டத்தை நிறுத்தியது. சுவீடன் காரின் பாகங்கள் இறங்கிய கரையிலிருந்தே, மூன்று தலைமுறையாக இங்கே மரம் சீவியவர்கள் ஏறிப் போனார்கள். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுத நமக்கு யாரும் கற்றுத் தரவில்லை. தொழில்மயமாதல் என்ற பாடம் ஒரு அத்தியாயம், இந்தியர் வெளியேற்றம் வேறு அத்தியாயம். பெரும்பாலும் இரண்டாவது அத்தியாயமே இருப்பதில்லை.

தாத்தா போகவில்லை. பெர்மிட்டை வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டு இங்கேயே கிடந்தார். பெரியப்பா இங்கே பிறந்தவர், நீல ஐசி. பதினெட்டு வயதில் லாரியில் கிளீனராகப் போய், ஓட்டக் கற்றுக்கொண்டு, பிறகு முதலாளி வீட்டுக்கு வந்தார்.

இனி காடியின் கதை. வோல்வோவின் முதல் கார் 1927 ஏப்ரல் 14 அன்று கோத்தன்பர்க் ஆலையிலிருந்து வெளியே வந்தது. அதைப் பற்றி அந்த நிறுவனமே சிரித்துச் சொல்லும் கதை ஒன்று உண்டு: முதல் கியரைப் போட்டதும் வண்டி முன்னால் போகாமல் பின்னால் போனதாம். டிஃபரென்ஷியலை மாற்றிப் பொருத்திவிட்டார்கள். பொருத்தும் வேலையில் நான் பார்த்த எல்லா முதல் நாட்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்திருக்கின்றன என்பதால் எனக்கு இதை நம்புவதில் சிரமமில்லை. இன்னொரு வேடிக்கை, அந்த முதல் மாடல் மேற்கூரை திறந்த கார். வருடத்தில் பாதி நாள் குளிரும் நாட்டுக்குத் திறந்த கார்! மூடிய மாடல் அதே வருடம் பின்னால் வந்தது. பனிக்காகவே பிறந்த கார் என்று இன்று விளம்பரம் பேசினாலும், பனியை அவர்களும் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள்.

1967-இல் இன்னொன்றும் நடந்தது. அதுவரை சுவீடனில் சாலையின் இடப்பக்கம் ஓட்டினார்கள், நம்மைப் போல. ஆனால் கார்களில் ஸ்டியரிங் இடப்பக்கமே இருந்தது. செப்டம்பர் 3 அதிகாலை ஐந்து மணிக்கு நாடு முழுவதும் வண்டிகளை நிறுத்தி, வலப்பக்கத்துக்கு மாறினார்கள். அவர்கள் வலப்பக்கம் போன அதே காலத்தில் பத்து தீகா ஆலை இடப்பக்கம் ஓடுவதற்கான கார்களைப் பொருத்தத் தொடங்கியது.

வரைபடம் அவர்களுடையது. பனி அந்த வரைபடத்தின் ஒவ்வொரு கோட்டிலும் இருந்தது. 240 மாடல் 1974 முதல் 1993 வரை உற்பத்தியானது. பெட்டி மாதிரி உருவம், கோணலே இல்லை. பெரிய கைப்பிடிகள், ஏனென்றால் தடித்த கையுறையோடு திறக்க வேண்டும். பின்கண்ணாடிக்குள் சூடேற்றும் மெல்லிய கம்பிகள். இதில் கடைசி ஒன்றுக்கு நம் ஊரில் விசித்திரமான மறுவாழ்வு கிடைத்தது. சுவீடனில் உள்ளே இருக்கும் மனிதனின் மூச்சு குளிர்ந்த கண்ணாடியின் உட்புறத்தில் படியும். நம் ஊரில் தலைகீழ். ஆயர்கோன் கண்ணாடியைக் குளிர்விக்கும். வெளியே இருக்கும் மழைக்காற்றின் ஈரம் வெளிப்புறத்தில் படியும். பின்கண்ணாடியைத் துடைக்க வைப்பர் கிடையாது. சாயங்காலம் நாலு மணி மழையில் பெரியப்பா அந்த சுவிட்சைப் போடுவார். கோடு கோடாகக் கண்ணாடி தெளியும். மூடி வைத்து அடைத்தது ஒன்று, அடைக்காமல் விட்டது ஒன்று. அடைக்காமல் விட்டதை அவர் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டார்.

குளிர்நாட்டு எண்ணங்கள் இப்படித்தான் இங்கே வந்து வேறு வேலைக்குப் போயின. குளிர்கால இருட்டுக்காக சுவீடன் 1977-இல் பகலிலும் விளக்கு போடச் சொன்னது. உச்சி வெயிலுக்குப் பெயர்போன மலேசியா 1992-இல் மோட்டார்சைக்கிள்களுக்கு அதையே சட்டமாக்கியது. வோல்வோவின் நீல்ஸ் பூலின் 1959-இல் உருவாக்கிய மூன்று முனை இருக்கைப் பட்டையின் காப்புரிமையை அந்த நிறுவனம் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இங்கே முன்னிருக்கைக்கு 1979-இல் சட்டம் வந்தது. பின்னிருக்கைக்கு 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முப்பது வருடமும் சட்டப்படி டிரைவர் பட்டை போட வேண்டும், பின்னால் இருக்கும் முதலாளிக்குக் கட்டாயமில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் பெரியப்பாவுக்குத்தான் கூடுதல் பாதுகாப்பு.

ஆனால் எல்லாமே அங்கிருந்து இங்கே வந்ததாகச் சொன்னால் அது பாதிக் கதை. பனியைத் தொடுகிற ஒரே பாகம் டயர். டயருக்குள் இருப்பது ரப்பர். கோடைக்கால டயரின் கலவை ஏழு டிகிரிக்குக் கீழே போனாலே விறைக்கத் தொடங்கும். அதனால் குளிர்கால டயரில் இயற்கை ரப்பரைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அது கண்ணாடி மாதிரி ஆவதற்குச் சுமார் மைனஸ் 70 டிகிரி வேண்டும். ஃபின்லாந்தில் உலகின் முதல் குளிர்கால டயரை 1934-இல் லாரிகளுக்காகச் செய்தார்கள், 1936-இல் கார்களுக்கு. அந்த வருடங்களில் உலகிலேயே அதிக ரப்பர் கொடுத்த நாடு மலாயா. அதைச் சீவியவர்களில் பெரும்பகுதி யார் என்று இந்த இதழ் படிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பனியைக் கண்ணால் பார்க்காத கூட்டம்தான், பனியில் வழுக்காமல் இருக்க உலகத்துக்குப் பால் கொடுத்தது. நமக்குப் பனிக்கும் தூறலுக்கும் நடுவே சொல்கூட ஒழுங்காகக் கிடையாது. மார்கழிப் பனி என்றால் புல்லில் நிற்கும் நீர்த்துளி. ஆர்க்டிக்கில் கொட்டுவதும் பனிதான். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு உலகத்தைச் சமாளிக்கிறோம்.

2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. சனிக்கிழமை தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. பெரியப்பா வீடு அங்கேதான். அவரும் பெரியம்மாவும் பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு இரவு இருந்தார்கள். படகு வந்து இறக்கிய பிறகுதான் தொலைபேசியில் குரல் கேட்டோம். தண்ணீர் வடிந்ததும் நானும் அப்பாவும் போனோம். தெரு முழுக்கக் கார்கள்; ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சில சுவரில் சாய்ந்து. புது கார், பழைய கார், விலை உயர்ந்தது, தவணையில் வாங்கியது எல்லாவற்றுக்கும் ஒரே சேற்று நிறம். 240 தன் இடத்திலேயே நின்றது. கூரையில் சேற்றுக் கோடு. கதவைத் திறந்ததும் தண்ணீர் கொட்டியது.

குளிர், உப்பு, பனி, மோதல் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுச் செய்த வண்டி. கூரை உயரத்துக்கு நிற்கும் வெள்ளத்துக்கு யாரும் கணக்குப் போடவில்லை. வண்டிக்கு மட்டுமில்லை, அந்தத் தாமானுக்கும்தான். "என்ஜினைக் கழட்டிக் காய வச்சா ஓடும்" என்றார் பெரியப்பா. ஓடாது என்று எனக்குத் தெரியும். ஒயரிங் எல்லாம் போயிருந்தது. நான் பேசாமல் இருந்தேன். ஒரு மாதம் கழித்து இரும்புக் கடைக்காரன் இழுத்துப் போனான். போகும் முன் டேஷ்போர்டிலிருந்து அந்தக் கறுப்பு மூடியை ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்து என்னிடம் கொடுத்தார். "நீதான் இத அழுத்திக்கிட்டே இருப்ப."

2023 பிப்ரவரியில் வேலை விஷயமாக சுவீடனின் வடக்கே ஆர்யெப்லூக் என்ற ஊருக்குப் போனேன். சின்ன ஊர். கோடையில் மீன் பிடிப்பார்கள். குளிர்காலத்தில் ஐரோப்பாவின் பெரிய கார், பிரேக் நிறுவனங்கள் எல்லாம் அங்கே வந்துவிடும். ஏரிகள் உறைந்ததும் பனிக்கட்டியின் மேல் சோதனைத் தடங்கள் போடுவார்கள். ஹோர்னாவன் ஏரி 221 மீட்டர் ஆழம், சுவீடனிலேயே ஆழமானது. அதன் கரையில் நிற்கும்போது காலை மணி எட்டு, மைனஸ் 22 டிகிரி. மூக்குக்குள் முடி குத்தியது. நிறுத்தி வைத்த கார்களுக்கு மின்கம்பி செருகி என்ஜினைச் சூடாக வைத்திருந்தார்கள். நாம் வெயிலுக்கு அட்டை வைப்பது போல.

வேலை முடிந்த ஒரு மதியம், பயிற்சியாளர் என்னை ஒரு எஸ்90-இல் உட்கார வைத்தார். வோல்வோவின் பெரிய செடான். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த தகட்டைப் பழக்கதோஷத்தில் படித்தேன். சீனாவின் தாச்சிங்கில் செய்தது. 2010-இல் வோல்வோவை வாங்கிய ஜீலி நிறுவனம் அங்கே செய்கிறது. அதே ஜீலிதான் 2017-இல் நம் புரோட்டோனில் 49.9 விழுக்காடு வாங்கியது. பத்து தீகா ஆலையும் புரோட்டோனின் ஷா ஆலம் ஆலையும் கடைசியில் பங்காளிகள் ஆகிவிட்டன.

இருக்கை சூடாக இருந்தது. அந்த சுவிட்சு இப்போது திரைக்குள் போய்விட்டது, தொட்டால் போதும்.

முதலில் வழுக்குக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு ஓட்டச் சொன்னார். உலர்ந்த தாரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் சுமார் 18 மீட்டரில் நிற்கலாம். இறுகிய பனியில் கிட்டத்தட்ட 70 மீட்டர். இந்தக் கணக்கை நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். உடம்புக்கு அது தெரியவில்லை. முப்பதில் திருப்பினேன், சக்கரம் திரும்பியது, வண்டி நேராகப் போனது. பயத்தில் இன்னும் ஒடித்தேன். இன்னும் நேராகப் போனது. "காலை எடு, கையைத் தளர்த்து" என்றார் பயிற்சியாளர். காலை எடுத்ததும் எடை முன்னால் வந்தது, டயர் கடித்தது, வண்டி மெதுவாக வளைந்தது. இதை எனக்கு முன்பே ஒருவர் சொல்லியிருக்கிறார். கூட்டரசு நெடுஞ்சாலையில் மழை கொட்டும்போது, "தண்ணியில மெதக்குதுன்னா ஸ்டியரிங்கோட சண்ட போடாத. கால எடு. வண்டி தானா வந்து நிக்கும்."

அடுத்த வளைவில் கொஞ்சம் தைரியம் கூடிவிட்டது. தடத்தின் ஓரம் தாண்டி வாரிக் குவித்திருந்த ஆழ்ந்த பனிக்குள் போய்விட்டேன். சத்தமே இல்லை. தலையணைக்குள் புதைந்த மாதிரி இருந்தது. பெட்ரோலை மிதித்தேன், நாலு சக்கரமும் சுற்றின, வண்டி அசையவில்லை. இறங்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. வயிற்றுக்கு அடியில் பனி இறுகி வண்டியையே தூக்கிப் பிடித்திருந்தது. டயர்களுக்குத் தரையில் எடையே இல்லை. நாலு சக்கரத்துக்கும் விசை போனாலும், ஊன்ற இடம் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. மண்வெட்டி கொடுத்தார். முழங்கால் அளவு பனியில் படுத்துக்கொண்டு இருபது நிமிடம் தோண்டினேன். பிறகு முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி ஆட்டி வெளியே எடுத்தோம். பயிற்சியாளர் இதையெல்லாம் என் கைபேசியில் படம் எடுத்திருந்தார், சிரித்துக்கொண்டே.

ஊருக்கு வந்து பெரியப்பாவிடம் அந்தக் காணொளியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். வெள்ளத்துக்குப் பிறகு அவர் கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கிறார். பனியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் மண்வெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சக்கரத்துக்கு அடியில எதுவும் வைக்கலயா?"

"இல்ல பெரியப்பா. தோண்டித்தான் எடுத்தோம்."

"தோட்டத்துல மழ பேஞ்சா செம்மண்ணுல லாரி இப்படித்தான் ஒக்காந்துரும். செம்பனை மட்டைய வெட்டிப் போடுவோம், இல்லாட்டி பழைய சாக்கு. ரெண்டு சாக்கு போட்டா ஏறிடும்." கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த தடவ போனா பின்னால ரெண்டு சாக்கு எடுத்து வச்சிக்கோ."